ரூப்ரிக்குக்கு என்ன தமிழ்?

ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் இப்போது தப்பாமல் காதில் விழும் சொல் ரூப்ரிக். "ஸ்மார்ட் போர்டு எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ரூப்ரிக் பார்த்து லெவல் போடுங்க சார்" என்பார்கள். சரி, அது என்ன?

சொல் லத்தீன். ரூபர் என்றால் சிவப்பு, ரூப்ரிகா என்றால் செங்காவி மண். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிறார்களே, அந்தக் காவி இனம்தான். ரோமர்கள் சட்டத் தலைப்புகளைச் சிவப்பில் எழுதியதால் தலைப்புக்கே ரூப்ரிகா என்று பேர் வந்தது. அப்புறம் இடைக்கால ஐரோப்பாவின் வழிபாட்டு நூல்களில் குருவானவர் வாயால் சொல்ல வேண்டிய செபம் கறுப்பிலும், அவர் செய்ய வேண்டியவை, அதாவது கைகளை விரிப்பது, மண்டியிடுவது மாதிரியானவை, சிவப்பிலும் எழுதப்பட்டன. ராமநாதபுரம் கடற்கரையில் தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ பீடச் சிறுவனாக, அதாவது பூசையில் குருவானவருக்கு உதவும் பையனாக, இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பூசைப் புத்தகத்தில் சிவப்பு வரியை யாரும் வாசிக்க மாட்டார்கள், அதன்படி செய்வார்கள். இப்படிச் செய்முறைக் குறிப்பு என்று பொருள் நகர்ந்த சொல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதிப்பெண் போடுவதற்கான வழிகாட்டி என்ற பொருளில் கல்வித் துறையில் பரவியது. வாத்தியார் சிவப்பு மையில் திருத்துவதால் வந்த பேர் என்று சிலர் நினைப்பதுண்டு, அது இல்லை.

இன்றைய பொருளில் ரூப்ரிக் ஓர் அட்டவணை. எதையெதைப் பார்க்கிறோம் என்பது ஒரு பக்கம், எந்தெந்தப் படிநிலை என்பது இன்னொரு பக்கம், இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒரு விவரிப்பு. இந்த விவரிப்புதான் உயிர். அது இல்லாமல் 1, 2, 3, 4 என்று எண் மட்டும் இருந்தால் அது ரூப்ரிக்கே இல்லை.

தொழில்நுட்பப் பயன்பாட்டை அளக்க உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் அட்டவணை ஒன்று தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவானது. ஐந்து படிநிலை, ஐந்து கற்றல் பண்பு, மொத்தம் 25 கட்டம். படிநிலைகளை நுழைவு, ஏற்பு, தகவமைப்பு, கலப்பு, உருமாற்றம் என்று தமிழில் சொல்லலாம். நுழைவு நிலையில் கருவி ஆசிரியர் கையில், பாடத்தைக் கொடுக்க மட்டும் பயன்படும். மேலே போகப் போக எந்தக் கருவி, எதற்கு என்ற முடிவு பிள்ளைகள் கைக்கு வரும். கடைசி நிலையில், அந்தக் கருவி இல்லாவிட்டால் அந்த வேலையே நடந்திருக்காது.

நம்ம பக்கம் கொண்டுவந்து பாருங்கள். பாடம் கடல்வாழ் உயிரினங்கள். ஆசிரியர் கடல்பாசிப் படத்தைத் திரையில் போட்டு விளக்கினால் நுழைவு. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து காணொளி காட்டினாலும் அதே நுழைவுதான், இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களிடம் மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் என்ன வித்தியாசம், எந்த மாதம் எது கிடைக்கும் என்று பிள்ளைகள் போனில் பேட்டி எடுத்து, படம் பிடித்து, இடங்களை வரைபடத்தில் குறித்து, வேறு ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டுப் பேசினால் அது மேல் படி. செலவு என்னவோ ஒரு போன்தான்.

இங்கேதான் சில படிவங்கள் சறுக்குகின்றன. போர்டு ஆன் செய்யப்பட்டதா, எத்தனை நிமிடம், ஆப்பில் பதிவானதா என்று ஆம்/இல்லை கேட்டுவிட்டு மேலே ரூப்ரிக் என்று தலைப்புப் போடுகிறார்கள். அது சரிபார்ப்புப் பட்டியல். உப்புக்காற்றில் துருப்பிடித்த பிளக், மழை நாளில் போகும் கரண்டு, தீவில் கிடைக்காத சிக்னல், இதெல்லாம் இருக்கும் ஊரில் முந்தின இரவே காணொளியைப் போனில் இறக்கி வந்து குழுக் குழுவாகக் காட்டும் ஆசிரியருக்கு இந்தப் பட்டியலில் கிடைப்பது "இல்லை". அளந்தது மின்சார வாரியத்தை, மதிப்பெண் ஆசிரியருக்கு.

தமிழுக்கு வருவோம். "மதிப்பீட்டு அளவுகோல்" என்று எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் அளவுகோல் என்ற சொல்லை எல்லா இடத்திலும் செலவழித்துவிட்டோம், கோல் என்றால் ஒற்றைக் கோடு என்றுதான் மனதில் படும். உரைகல் என்று சொல்ல ஆசை வரும், வள்ளுவரே "கருமமே கட்டளைக் கல்" (குறள் 505) என்று ஒருவர் செயலைத்தானே உரைகல்லாக்குகிறார். ஆனால் கல் தங்கத்தை உரசிப் பார்க்கிற பொருள், எத்தனை மாற்று, அதாவது என்ன தரம், என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். ரூப்ரிக்கில் அந்த மாற்று விவரமே எழுத்தில் இருக்கிறது. அதனால் என் ஓட்டு "படிநிலை விளக்க அட்டவணை"க்கு. நீளம்தான். அன்றாடப் பேச்சில் "படிநிலை அட்டவணை" போதும்: "இந்த வகுப்பைப் படிநிலை அட்டவணையில் எங்கே வைப்பீர்கள்?"

பூசைப் புத்தகத்துச் சிவப்பு வரிக்கு இதைப் போட வேண்டாம். அதற்குச் செவ்வெழுத்துக் குறிப்பு என்பதே பொருந்தும்.