பிழைத்தார்கள் என்பதால் நஞ்சு பொய்யாகாது

"அது உண்மையிலேயே போர்க்கள நஞ்சாக இருந்தால் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், டாக்டர்?" இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் நோவிசோக் என்ற நரம்பு நஞ்சால் தாக்கப்பட்டும் உயிர்பிழைத்த ஒரு ரஷ்யத் தந்தையையும் மகளையும் பற்றி, 2018-இலிருந்து உறவினர் வீட்டு விசேஷங்களிலும் மருத்துவமனை கேன்டீனிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சென்ற வாரம் இதையே இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவர், ஏதோ ஒரு யூடியூப் காணொளியைக் காட்டி, வெற்றிப் புன்னகையோடு கேட்டார். மருந்தியல் தேர்வில் தேறியவரே இப்படிக் கேட்கும்போது இனியும் சிரித்து மழுப்புவதில் பயனில்லை. எனக்கு உளவுத்துறை விவகாரங்கள் தெரியாது. பூச்சிமருந்து நஞ்சேறி வருபவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது என் தொழில். நோவிசோக்கும் நம் வயலில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகளும் உடலுக்குள் கோலினெஸ்டரேஸ் என்ற ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2018 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில், முன்னாள் ரஷ்ய ராணுவ உளவு அதிகாரி செர்கெய் ஸ்கிரிப்பாலும் அவர் மகள் யூலியாவும் கடைவீதிப் பெஞ்சு ஒன்றில் நினைவிழந்து கிடந்தார்கள். வீட்டு வாசற்கதவின் கைப்பிடியில் நோவிசோக் தடவப்பட்டிருந்ததாகக் காவல்துறை பின்னர் கூறியது. ரஷ்யா மறுத்தது. யூலியா ஏப்ரலிலும் தந்தை மே மாதத்திலும் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார்கள். "பார்த்தீர்களா, எல்லாம் நாடகம்" என்ற பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

நஞ்சு என்றால் தொட்டவுடன் சுருண்டு விழுந்து சாக வேண்டும் என்று நம்புபவர்கள் தயவுசெய்து ஒரு நாள் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து நிற்கட்டும். வாயில் நுரையும் நெஞ்சில் சளியின் கரகரப்புமாக, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, தொடைத் தசைகள் தோலுக்கடியில் புழுப்போல் நெளிய, நாடி நாற்பதுக்கு இறங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அட்ரோபின் என்ற முறிமருந்தை ஏற்றி, சில நிமிடங்களுக்கொரு முறை அளவை இரட்டிப்பாக்கி, நெஞ்சுச் சத்தம் தெளியும்வரை கொடுத்து, சுவாசத்தை வென்டிலேட்டரிடம் ஒப்படைத்தால், அவர்களில் மிகப் பலர் சில வாரங்களில் தம் காலால் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். (பிராலிடாக்சிம் என்ற இன்னொரு முறிமருந்து எவ்வளவு உதவுகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை, அது வேறு கதை.) நஞ்சின் வீரியம் என்பது ஒன்று, உடலுக்குள் சென்ற அளவு என்பது வேறொன்று. உள்ளங்கைத் தோல் தடிமனானது. அதன் வழியே நஞ்சு மெதுவாகத்தான் இறங்கும். ஸ்கிரிப்பால்கள் பிற்பகல் 1.40 மணியளவில் காரை நிறுத்திவிட்டு, மது விடுதிக்கும் உணவகத்துக்கும் போய், 4.15 மணியளவில் சரிந்ததில் ஒரு நச்சியல் மருத்துவருக்கு வியப்பேதும் இல்லை.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற இன்னொரு நரம்பு நஞ்சு பரப்பப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினார்கள். உயிரிழந்தோர் இருபதுக்கும் குறைவு. அதனால் அங்கே சாரினே இல்லை என்று யாராவது சொல்கிறார்களா? 2020 ஆகஸ்டில் சைபீரியாவில் விமானத்தில் நினைவிழந்த ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியும் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் ஒரு மாதத்துக்குப் பின் எழுந்து நடந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் அந்த நோய்க்குறிப்பைக் கோலினெஸ்டரேஸ் அளவுகளோடு அதே ஆண்டு டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். காணொளி பார்க்கும் நேரத்தில் அதைப் படித்திருக்கலாம்.

இன்னொன்று, சாலிஸ்பரியில் யாருமே சாகவில்லை என்று பேசுபவர்களுக்கு டான் ஸ்டர்ஜஸ் நினைவுக்கே வருவதில்லை. எந்த உளவுக்கும் தொடர்பில்லாத அந்த நாற்பத்துநான்கு வயதுப் பெண், அருகிலுள்ள ஏம்ஸ்பரியில், தன் துணைவர் கொடுத்த போலி வாசனைத் திரவியப் புட்டியிலிருந்ததை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார். 2018 ஜூலை 8 அன்று இறந்தார். புட்டிக்குள் இருந்தது நோவிசோக்.

சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்பட அரசுகளும் ஊடகங்களும் போதுமான காரணம் தந்திருக்கின்றன. நஞ்சின் பிறப்பிடத்தை பிரிட்டனின் போர்ட்டன் டவுன் பாதுகாப்பு ஆய்வகமே உறுதி செய்துவிட்டதுபோல அன்றைய பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன் பேசினார். 2018 ஏப்ரல் 3 அன்று அந்த ஆய்வகத்தின் தலைவரோ, நஞ்சு இன்னதென்று கண்டோம், எங்கே செய்யப்பட்டது என்று நாங்கள் கண்டறியவில்லை என்றார். உடனே பாதி உலகம் "நோவிசோக்கே இல்லையாம்" என்று எழுதியது. அவர் சொன்னது அதுவன்று. 2006-இல் முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோ லண்டனில் நஞ்சேறிச் சாகக் கிடந்தபோது தாலியம் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் என்று பின்னரே தெரிந்தது. நோயறிதல் அப்படித்தான் படிப்படியாக மாறும். முதல் நாள் ஊகத்தைத் தீர்ப்பாக அச்சிட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஹவானா விவகாரத்தில் நானும் சந்தேகக்காரர்கள் பக்கமே நின்றேன். 2016 முதல் கியூபாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்குத் தலைச்சுற்றலும் காதில் விசித்திர ஒலியும் ஏற்பட்டபோது, ஒலி ஆயுதம் என்றும் மைக்ரோவேவ் ஆயுதம் என்றும் பத்திரிகைகள் முழங்கின. பதிவான ஒலி ஒருவகைப் பூச்சியின் ரீங்காரத்தோடு ஒத்துப்போவதாக 2019-இல் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதிரி நாட்டின் கைவேலையாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை 2023 மார்ச்சில் மதிப்பிட்டன. அந்த ஊழியர்களின் துன்பம் மெய்தான். ஆனால் ரத்தத்தில் காட்ட ஒரு பொருளோ, அளக்க ஒரு நொதியோ அங்கே இல்லை. சாலிஸ்பரியில் இருந்தது, 2018 ஏப்ரலில் ரசாயன ஆயுதத் தடை அமைப்பு தானே மாதிரி எடுத்துச் சோதித்து அதை உறுதி செய்தது. அந்த அறிக்கை யாரையும் குற்றவாளி என்று சுட்டவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஆகவே, செய்தியைப் படிக்கும்போது என்ன பொருள் என்ற கேள்வியை ஆய்வகத்திடமும், யார் செய்தார் என்பதைப் புலனாய்விடமும், எதற்காக என்பதை அரசியலிடமும் தனித்தனியே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வந்த பதில் பிடிக்கவில்லை என்பதற்காக முதல் கேள்வியின் பதிலைக் குப்பையில் போடாதீர்கள். முதல் இரண்டு நாள் செய்திகளைப் பகிராமல் இருந்தால் எந்தக் குடியும் மூழ்கிவிடாது.

இந்தப் பிடிவாதம் என் வார்டிலும் ஆளைக் கொல்கிறது என்பதால்தான் இத்தனை கோபம். "அவர் குடிக்கவே இல்லை, மருந்துதான் அடித்தார், எப்படி விஷம் ஏறும்?" என்று உறவினர்கள் வாதாடுகிறார்கள். ஏறும், தோல் வழியாகவே ஏறும். மருந்து தெளித்தவருக்கு வியர்த்துக் கொட்டி, வாய் ஊறி, பார்வை மங்கினால், உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். குளிப்பாட்டுபவர் கையுறை அணியட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலை முகர்ந்து பார்க்காமல், அதன் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார் என்பதால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள், அம்மா. சுவாசத் தசைகள் திடீரெனத் தளர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், அந்த நேரத்தில் அவர் எங்கள் கண்முன் இருந்தாக வேண்டும்.