தாத்தாவின் ஸ்க்ரோல் சாவைப் பேத்தி கையில் கொடுக்கும் முன்

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடிப் பலகையில் வளைவுகளை வெட்டும் இயந்திரம். பழையது ஒன்று பட்டறைக்கு வந்தால், “வீட்டில் பிளக்கைச் செருகிப் பார்த்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்பேன். அண்மையில் பன்னிரண்டு வயதுப் பேத்தியோடு வந்த பெரியவரும், “ஓடுதே, நன்றாகத்தான் ஓடுது” என்றார். எனக்குப் பகீரென்றது.

ஒயரை லேசாக வளைத்துக் காட்டினேன். மேலே இருந்த ரப்பர் பிஸ்கட் போலப் பொடிந்து விழுந்தது. உள்ளே இரண்டே கம்பிகள், எர்த் கிடையாது. முழு உடம்பும் வார்ப்பிரும்பு. பொடிந்த இடத்தில் கம்பி உடம்பைத் தொட்டால், மேசையில் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். இத்தனை நாள் அடிக்கவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது.

இந்த இயந்திரங்களின் இரும்பு பல தலைமுறை தாங்கும். முதலில் கெடுவது ரப்பரும் ஆயிலும்தான். அதனால் சுவிட்சைத் தொடும் முன் ஒயரை மாற்றுங்கள். மூன்று கம்பி ஒயர் போட்டு, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த்தை முடுக்க வேண்டும். மோட்டாரின் மேல் உருளை போல ஒரு கெப்பாசிட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு வேண்டாம்.

அப்புறம், பிளக் வெளியே இருக்கும்போதே, பெல்ட் ஓடும் கப்பியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பல வருடம் சும்மா கிடந்த ஆயில் பிசின் மாதிரி இறுகியிருக்கும். அந்த நிலையில் மோட்டாரை ஓட விட்டால், தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிடும். சுழற்சியை மேல்-கீழ் அசைவாக மாற்றும் கிராங்க் இருக்கிற பெட்டியில் உள்ள ஆயிலை வடித்துக் கழுவி, அளவுக்கோடு வரை புது ஆயில் விடுங்கள். நுண்துளை வெண்கலப் புஷ்களுக்கு கிரீஸ் பூசாதீர்கள், துளை அடைத்துப்போகும். அவற்றுக்கு ஆயில்தான்.

“இது பிளேடை அடிக்கடி உடைக்கும், தூக்கிப் போடலாமா?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிளேடின் மேல்முனை பக்கம் நீளும் மேல்கை அசையாத பழைய மாடல்களில் கிராங்க் பிளேடைக் கீழே இழுக்கும். மேலே தூக்குவது ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் பிளேடு மேலே வரும்போது தொய்ந்து, வளைந்து, முறியும். இப்போது வரும் இணைகை மாடல்களில் இரண்டு கைகளும் சேர்ந்து ஆடுவதால் இழுவிசை மாறாது. பழையதிலும் ஸ்பிரிங்கைச் சரிசெய்து, சற்றுத் தடித்த பிளேடு போட்டு, வேகத்தைக் குறைத்தால் அழகாக வெட்டும். பெரும்பாலானவற்றில் போடுகிற 5 அங்குல பிளேடு இன்றும் கிடைக்கிறது. பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும்.

பிளேடைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெல்ட்டைக் கவனிப்பதில்லை. பெரியவரின் இயந்திரத்தில் பெல்ட் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. பேத்திக்கு நீளப் பின்னல். தகட்டில் புது மூடி அடித்து மாட்டாமல் இயந்திரத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தூசியும் அப்படித்தான். பிளேடருகே காற்று ஊதும் குழாய், கோடு தெரிவதற்காக வைத்தது. தூளை அது முகத்துக்கு நேரே அனுப்பும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பழகட்டும்.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் பிளேடை மாட்டி, இறுக்கம் போதுமா என்று ஒலியில் தெரிய, “சுண்டிப் பாரும்மா” என்றார். முதலில் மந்தமாக ஒலித்தது. பிளேடை இறுக்கும் முடுக்கியை அரைச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி சுண்டினாள். “ணிங்” என்று கணீரென்றது. “இப்போ சரி தாத்தா” என்று அவளே சொல்லிவிட்டு, மூடி மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.