பேக்ஹேண்ட் வெளியே போகிறதா? நரம்பை இறுக்காதீர்கள்

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுவது என் தொழில். நேற்று மாலை இன்னொருவர் வந்தார். மட்டையை மேசைமேல் வைத்தார். இடது கை தானாகவே வலது முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "58 பவுண்டு இறுக்கம் போட்டுவிடுங்கள் அண்ணா. போன தடவை போட்ட 55 போதவில்லை, பேக்ஹேண்ட் எல்லாம் பேஸ்லைனைத் தாண்டிப் போகிறது" என்றார். பேக்ஹேண்ட் என்றால் புறங்கைப் பக்கமாக வீசி அடிப்பது, பேஸ்லைன் என்றால் ஆடுகளத்தின் கடைசிக் கோடு. பார்த்தால் 18×20 பின்னல் மட்டை, முழுக்க விறைப்பான பாலியஸ்டர் நரம்பு. ஆறு மாதம் முன்புவரை அவரிடம் 16×19 மட்டை ஒன்று இருந்தது, நானே நாலைந்து முறை அதற்கு நரம்பு கட்டியிருக்கிறேன். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு நெருக்கமான பின்னல்தான் சரி என்று யாரோ சொன்னார்களாம். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவிட்டார்.

இந்த மாதத்தில் மட்டும் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர். நான்கு பேருக்கும் முழங்கை வலி. நான்கு பேரும் கேட்டது இன்னும் இறுக்கம். பொறுமை போய்விட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

18×20 என்றால் நெடுக்கே 18 நரம்பு, குறுக்கே 20. தறியில் பாவும் ஊடையும் ஓடுவதுபோலத்தான். 16×19 பின்னலில் இடைவெளி அதிகம். பந்து படும்போது நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் நழுவி, பந்து கிளம்புவதற்குள் பழைய இடத்துக்குச் சுண்டித் திரும்பும். டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கி உருண்டு சுழல்வது, கூடும், பந்தும் கொஞ்சம் மேலெழும்பிப் போகும். நெருக்கமான பின்னலில் இந்த நழுவல் குறைவு, பந்து தாழ்வாகவும் நேராகவும் கிளம்பும். அது கூடுதல் நாள் உழைக்கவும் செய்யும். பின்னலின் வேலை அவ்வளவுதான்.

இதிலிருந்து "நெருக்கமான பின்னல் என்றால் கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்றால் பந்து உள்ளே விழும்" என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் பேக்ஹேண்ட் ஏன் வெளியே போகிறது? பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றே, பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறார்கள். இரண்டு கையால் அடிப்பவர் கொஞ்சம் பிந்தினாலும் பின்னாலிருக்கும் கை தள்ளிக் காப்பாற்றிவிடும். ஒற்றைக் கைக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்காலுக்கும் முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். அது உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மணிக்கட்டு மடியும், மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்தும் வானத்துக்குப் போகும். பின்னலை மாற்றுவதால் பந்து தாழ்வது கொஞ்சம். முகம் திறந்துகொண்டதால் அது ஏறுவது அதைப்போலப் பல மடங்கு. சில்லறையைக் கொடுத்துக் கடனை அடைக்கப் பார்க்கிறீர்கள்.

போதாக்குறைக்கு, ஏறிய பந்தைக் கோட்டுக்குள் இறக்குவது டாப்ஸ்பின். நெருக்கமான பின்னல் குறைப்பதும் அதே டாப்ஸ்பின்னைத்தான். ஆக, பந்தை மேலே அனுப்பும் பழக்கம் அப்படியே இருக்கிறது, இறக்கிவிட இருந்த உதவி போய்விட்டது. பிறகு 55 போதவில்லை, 58 போதவில்லை என்றால் எப்படிப் போதும்?

"ஃபெடரர்" என்று ஆரம்பிக்காதீர்கள். 2014ல் அவர் 90 சதுர அங்குல மட்டைத் தலையிலிருந்து 97க்கு மாறினார், அதுவும் 16×19தான். நெடுக்கில் இயற்கைக் குடல் நரம்பு, குறுக்கில் மட்டும் பாலியஸ்டர். சாம்ப்ராஸின் 85 சதுர அங்குல மட்டை 16×18. வாவ்ரிங்கா பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 95 சதுர அங்குல மட்டை 16×20. ஒற்றைக் கைக்காரர்களின் பெருமைக்குரிய இந்த மூவரின் பெயர் சொல்லும் இந்த மட்டைகளில் ஒன்றும் 18×20 இல்லை. பல ஆண்டுகள் 18×20 வைத்து ஆடியவர் ஜோகோவிச், அவர் அடிப்பது இரண்டு கையால். இதை வைத்து 16×19 வாங்க ஓடவும் வேண்டாம். அவர்கள் பந்தைச் சந்திக்கும் இடமும் நீங்கள் சந்திக்கும் இடமும் வேறு, நான் சொல்வது அதைத்தான்.

இறுக்கத்துக்கு வருகிறேன். இயந்திரத்தில் வைக்கும் எண், ஒவ்வொரு நரம்பையும் இழுக்கும் விசை. பந்து உணர்வது மொத்தப் பரப்பை. 16×19 மட்டையில் 55 பவுண்டும் 18×20 மட்டையில் 55 பவுண்டும் கைக்கு ஒன்றல்ல, இரண்டாவது பலகைபோல இருக்கும். பின்னல் நெருக்கமானால் நான் இரண்டு மூன்று பவுண்டு குறைத்தே கட்டுவேன். ஏற்றச் சொல்பவர்களிடம் ஒரு முறை வாதாடுவேன், இரண்டாம் முறையும் வாதாடுவேன்.

18×20 போன்ற பின்னல் எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 95 சதுர அங்குலத் தலையில் 18×20 போட்டால் சல்லடைபோல நெருக்கம். அதே 18×20 பின்னலை 100 சதுர அங்குலத்தில் போட்டால் இடைவெளி விரிந்துவிடும். நடுக்கட்டத்தில் சுண்டுவிரல் நுனியை வைத்து இரண்டு மட்டைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விளம்பர அட்டை சொல்லாததை விரல் சொல்லும்.

நேற்று வந்தவரின் மட்டையை விளக்கடியில் பிடித்துக் காட்டினேன். பந்தின் மஞ்சள் பஞ்சு நரம்புச் சந்துகளில் படிந்திருக்குமே, அது நடுவில் இல்லை. நுனிப்பக்கம், அதுவும் ஒரு ஓரமாக, திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. ஓரத்தில் பந்து பட்டால் மட்டை கைக்குள் திருகும். அந்தத் திருகலை இரண்டு கை பகிர்ந்துகொள்ளும், ஒற்றைக் கையில் முழுவதையும் முன்கை வாங்குகிறது. நெடுக்கு நரம்பு ஒன்றை விரலால் நகர்த்தினேன், நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. குறுக்கு நரம்பு படும் இடமெல்லாம் ரம்பப் பல்போல வெட்டு. உயிர் போன பாலியஸ்டர். "எப்போது கட்டியது?" என்றேன். "ஆறு மாதம் இருக்கும் அண்ணா, நல்ல நரம்பு, அறுபடவே இல்லை" என்றார். மட்டையை விற்றவர் கட்டிக்கொடுத்த நரம்பேதானாம், போன தடவை போட்ட 55 என்று வந்தவர் சொன்னதும் அதைத்தான்.

அந்த "அறுபடவே இல்லை" என்பதுதான் என் பயம். திறந்த பின்னலில் பாலியஸ்டர் அறுந்து தொலையும், வேறு கட்ட வந்துதான் ஆக வேண்டும். 2013ல் 16×15 என்று ஒரு மட்டை வந்தது, அதில் நரம்புகள் அறுந்த வேகம் எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. நெருக்கமான பின்னலிலோ, வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு நரம்பு அறுவதே இல்லை. செத்த நரம்போடு ஒரு வருடம் ஓட்டுகிறார். இறுக்கம் போய்விட்டதால் பந்து தாறுமாறாகப் பறக்கிறது, அதை அடக்க அவர் கேட்பது இன்னும் இறுக்கம்.

நெருக்கமான பின்னல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பந்தின் அடியை வெட்டிப் பின்சுழற்சியோடு அனுப்பும் ஸ்லைஸை நம்பி ஆடுபவருக்கு அது அருமையான துணை. திறந்த பின்னலில் கொஞ்சம் அசந்தால் மிதந்துவிடும் ஸ்லைஸ், இதில் தரையை உரசிக்கொண்டு போகும். வலையருகே தடுத்து அடிக்கவும் நம்பகமானது. ஆனால் மென்மையான நரம்பு, குறைந்த இறுக்கம். இந்த இரண்டும் இல்லாமல் வேண்டாம்.

வலி இருந்தால் முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். நான் நரம்பு கட்டுபவன், உங்கள் கையிலிருக்கும் நரம்பு என் துறை அல்ல. திரும்பி ஆட வரும்போது பாலியஸ்டரை வெட்டிப் போட்டுவிட்டு, மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்துச் செய்த மென்மையான பல இழை நரம்புக்கு மாறுங்கள். அறுந்தால்தான் மாற்றுவேன் என்ற சபதத்தை விடுங்கள். மட்டை மாற்றும் எண்ணம் வந்தால் கடனாக வாங்கி இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள், அதற்கு முன் ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்கள் பேக்ஹேண்டைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். பந்து மட்டையில் படும் அந்தக் கணத்தில் முன்கால் எங்கே, பந்து எங்கே என்று பார்த்தாலே பாதிப் பேர் என்னிடம் வர மாட்டீர்கள். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. பெற்றோர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வேண்டுகோள்: பத்து வயதுப் பிள்ளையின் மட்டையில் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம்.

நேற்று வந்தவருக்கு 58 போடவில்லை. பல இழை நரம்பு, 50 பவுண்டு. "பந்து பறக்குமே அண்ணா" என்றார். முதல் வாரம் பறக்கும் என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கு மனமில்லை. மட்டையை வாங்கி, பழக்கத்தில் வலது கையால் தூக்கினார், முகம் சுளித்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார்.