பட்டி போடுவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து பாருங்கள்

கார் பெயிண்ட் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கலரைப் பற்றித்தான். “அண்ணே, மேட் பிளாக் நல்லாருக்குமா? கூரைக்கு மட்டும் கறுப்பு அடிச்சிடலாமா? எத்தனை நாள்ல தருவீங்க?” பெயிண்டுக்கு அடியில் என்ன போடப்போகிறோம் என்று கேட்பவர் அபூர்வம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

காரணம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ இரவெல்லாம் வெளியில் நின்ற காரின் பானெட்டைக் காலையில் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகரம் வரை போன ஒரு கீறல் போதும், பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவும். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் பாடு இன்னும் மோசம். கதவுக்குள்ளும் அதற்கு அடியிலுள்ள ரன்னிங் போர்டுக்குள்ளும் சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரிவதற்குள் தகரம் பாதி போயிருக்கும்.

ஒரு வெள்ளைக் காரைச் சொல்கிறேன். வேறோர் இடத்தில் ஃபுல் பெயிண்ட் அடித்து ஒரு மழைக்காலம்தான் கடந்திருந்தது. பின்சக்கர வளைவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சுரண்டியை வைத்து நெம்பியதும், மேடு பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி காய்ந்த அடை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. மேல்புறம் பளபளப்பு, அடிப்புறம் ஈரத் துரு. விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்குப் பின்னால் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அதை அடைக்கச் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அந்தக் குடும்பம் சேர்த்து வைத்துச் செலவழித்த பணம் அது. பார்க்கவே மனசு கொதித்தது.

முறையாகச் செய்தால் துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைக்க வேண்டும். மேலோட்டமான துரு என்றால் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே துருவைத் தடுக்கிற அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். இரண்டு நாள் திறந்து கிடந்தால் நம் ஊர்க் காற்றில் மறுபடி துரு பூத்துவிடும். நசுங்கலைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கரிங்கிலேயே முடிந்தவரை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மேடு பள்ளத்துக்கு மட்டும்தான் பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படுகிறது என்றால் டிங்கரிங் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கம்பெனிப் பெயிண்டின் மொத்தத் தடிமனே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணி சுற்றிக் காரில் வைத்துப் பாருங்கள். தகரப் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் பிடிப்பில்லை என்றால் அங்கே பட்டி அடைத்திருக்கிறார்கள்.

பலர் யோசிக்காத ஒன்று தண்ணீர். பட்டியை வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் தேய்த்து, சரியாகக் காயவிடாமல் மேலே பெயிண்ட் அடித்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பிரைமரைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீர்தான், தயங்காமல் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் அடிப்பதற்கான மூடிய அறை (பூத்) இல்லாத இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்பு வெளுத்துப் போகும். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் செய்துகொள்ளலாம்.

நிறம் பொருந்த, கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள கலர் குறியீட்டு எண் வேண்டும். மெட்டாலிக் என்றால் குறியீடு சரியாக இருந்தாலும் பக்கத்துப் பேனலுக்கும் கொஞ்சம் இழுத்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. அதற்குக் கூடுதலாகக் கேட்டால் அது ஏமாற்று அல்ல. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் ஆசைப்படுகிறவர்களுக்கு: அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, தேய்த்த இடம் மினுமினுக்கும். அந்தப் பேனலையே மறுபடி அடிக்க வேண்டும். வெளியில் நிற்கிற வண்டிக்கு நான் சொல்லவே மாட்டேன்.

வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. முழு நிறத்தையும் மாற்றுவதானால் டி.என். 31 ஆனாலும் பி.ஒய். 01 ஆனாலும் முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆலிவ் பச்சை மட்டும் வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி அது ராணுவ வாகனங்களுக்கு உரியது. ஜீப் பிரியர்கள் இதைக் கேட்டு முகம் வாடுவார்கள், ஆனால் சட்டம் சட்டம்தான். காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்.

வேலை கொடுக்கும்போதே, “பட்டி போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள். வர முடியாவிட்டால் தகரம் தெரிகிற நிலையில் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் சந்தோஷமாக அனுப்புவார். போகும்போது பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் பிடிக்கிற பையனின் முகத்தையும் பாருங்கள். பெயிண்ட் இறுகக் கலக்கிற டூ-கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், கைக்குட்டை கட்டினால் நிற்காது. முறையான மாஸ்க் இல்லாத இடத்தில் உங்கள் வண்டிக்கு அடிக்கச் சொல்லாதீர்கள்.

வண்டி எடுக்கும் அன்று கதவைத் திறந்து அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். பெயிண்டோ பட்டியோ அவற்றை அடைத்திருந்தால் அடுத்த மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். ஒரு பல்குச்சியை விட்டுப் பார்த்து, அடைபட்டிருந்தால் அங்கேயே திறந்து தரச் சொல்லி, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.