ஸ்கிரீனிங்: அரித்தறிதல்

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் நாளாந்தம் புழங்கும் ‘ஸ்கிரீனிங்’ என்ற சொல், வருத்தம் என்று எதையும் சொல்லாத ஒருவரிடத்திலும் அதன் தொடக்கம் உண்டா என்று எளிய கேள்விகளாலோ அளவீடுகளாலோ பார்ப்பதைக் குறிக்கும். இதன் வேரான ‘ஸ்கிரீன்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். நெருப்பின் வெக்கையை மறிக்கும் தட்டி என்பதே அதன் முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது அரிதட்டையும் குறிக்கத் தொடங்கியது. மருத்துவம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் பொருளையே. ஆகையால் சிலர் எழுதும் ‘திரையிடல்’ பிழை. ‘பரிசோதனை’யும் போதாது, ஏனெனில் நோயை உறுதிசெய்யும் சோதனைக்கும் நாம் அதையே சொல்கிறோம்.

‘அரித்தறிதல்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. இடியப்பத்துக்கு மா அரிக்கும்போது கட்டி இருக்கும் என்று தோன்றிய பிடியை மட்டும் எவரும் அரிப்பதில்லை. மா முழுவதும் அரிதட்டில் விழுகிறது. தங்கிய கப்பியையும் எறிவதில்லை, திரும்ப இடித்து அரிக்கிறோம்.

எல்லாரையும் அரிப்பதற்கும் ஐயப்பட்டவரை மட்டும் பார்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு மதுப்பழக்கத்தில் மிக முக்கியமானது. ‘குடிகாரன்’ என்றதும் தவறணை வாசலில் விழுந்து கிடப்பவரே மனதில் வருகிறார். ஒழுங்காக வேலைக்குப் போய், பின்னேரங்களில் கால் போத்தல் சாராயம் எடுத்து, எத்தனை மாத்திரை மாற்றியும் பிரசர் அடங்காமல் கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருப்பவர் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. அவரை மட்டும் பார்த்து, “நீங்கள் குடிக்கிறனீங்களோ?” என்று கேட்டால், “இல்லை டொக்டர், இடைக்கிடைதான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “ஐயா, இது எல்லாரிட்டயும் கேக்கிறனாங்கள், கிழமையில எத்தினை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்று கேட்டால் வெட்கம் குறைந்து, பதில் அளவாக வருகிறது.

இதற்கான அரிதட்டு, உலக சுகாதார நிறுவனம் அவுஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டு நோயாளரிடமிருந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு உருவாக்கிய ‘ஓடிட்’ (AUDIT) என்ற மதுப்பழக்க வினாக்கொத்து. அதில் 10 வினாக்கள் உள்ளன; மொத்தப் புள்ளி 40. எட்டோ அதற்கு மேலோ பெற்றவரின் குடி தீங்கு தரக்கூடியது என்று கொள்வர். அது நோயின் பெயரல்ல; கொப்பியில் ‘குடிகாரன்’ என்று எழுதுவதற்கு அது ஆதாரமும் ஆகாது.

அரித்தறிந்தபின் செய்யும் ‘பிரீஃப் இன்டர்வென்ஷன்’ என்பதைக் ‘குறுந்தலையீடு’ என்று பெயர்த்தால் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பதுபோல் ஒலிக்கிறது. ‘சுருக்க மதியுரை’ நல்லது. ஐந்து பத்து நிமிடம் போதும்: அவருடைய புள்ளியைச் சொல்லி, அவருடைய பிரசரோடு அதைத் தொடுத்துக் காட்டி, எவ்வளவாகக் குறைக்கலாம் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பது. இருபதோ அதற்கு மேலோ பெற்றவருக்கு மட்டும் இது போதாது. குடியில்லாமல் இருக்க முடியாதபடி பழகிப்போன உடம்புக்கு அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம் என்பதால், “நாளைக்கே விடுங்கோ” என்று சொல்லி அனுப்பாமல், உளமருத்துவப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.