வால்டன் குளம்: கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு இல்லை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. இயற்கையாகவே 10 ஏக்கருக்கு மேல் பரந்த குளம் பொதுச்சொத்து. மக்களுக்காக அரசு அதைக் காத்துவர வேண்டும். 1640-களில் போட்ட விதி இது. மீன் பிடிக்கப் போகிறவர், பயிரையும் புல்வெளியையும் மிதிக்காமல் பிறர் நிலம் வழியாகக்கூட நடந்து போகலாம் என்று அன்றே எழுதிவைத்தார்கள். அப்படி ஒரு குளத்துக்குப் பொதுவழி தேவை என்று குடிமக்கள் 10 பேர் மனு கொடுத்தால், அரசு விசாரணை நடத்தியாக வேண்டும். நல்ல சட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் கான்கார்டு ஊரில் இருக்கும் வால்டன் குளமும் அப்படி ஒரு பொதுக்குளம்தான். 60 ஏக்கருக்கு மேல் பரந்தது, 100 அடிக்கு மேல் ஆழம். 1845 முதல் 1847 வரை எழுத்தாளர் தோரோ இதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தார். சுற்றியிருந்த நிலத்தை அதன் உரிமையாளர்களான குடும்பங்கள் 1922-இல் மாநிலத்துக்கே கொடுத்துவிட்டன. இப்போது இது மாநிலப் பூங்கா, வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது.

பாஸ்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். நடந்து வருகிறவருக்குக் கட்டணமே கிடையாது. கார் நிறுத்தத்தான் பணம்: மாசசூசெட்ஸ் நம்பர் பிளேட் என்றால் 8 டாலர், வெளிமாநில பிளேட் என்றால் 30 டாலர். இந்த வித்தியாசம் அதிகம் என்பதே என் எண்ணம். தொகை மாறக்கூடும், கிளம்பும் முன் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பிளேட் அல்லது அட்டை உள்ள வண்டிக்குக் கட்டணம் இல்லை. அந்த மாநிலத்தில் குடியிருக்கும் 62 வயது கடந்தவர்கள் 10 டாலர் கொடுத்து ஆயுள்கால பார்க்கிங் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது பொருந்தாது. அப்புறம், பல ஊர் நூலகங்கள் பூங்காவில் கார் நிறுத்துவதற்கான பாஸைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன. நூலக அட்டை வைத்திருக்கும் பலருக்கே இது தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

கார் இல்லாதவர்கள் பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் ரயில் ஏறிக் கான்கார்டில் இறங்கி, இரண்டரை கிலோமீட்டர் அளவு நடக்கலாம். இடையில் பெரிய நெடுஞ்சாலை குறுக்கிடும், சிக்னலில் மட்டும் கடக்கவும்.

கோடை வார இறுதியில் சீக்கிரம் போய்விடுங்கள். ஒரே நேரத்தில் சுமார் 1000 பேர் என்ற வரம்பு நெடுங்காலமாக இருக்கிறது. நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் குளத்துக்குள் ஓடைகள் வந்து சேர்வதில்லை, பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். சேர்ந்த அழுக்கை அடித்துப்போக ஆறும் இல்லை. பாசியை வளர்த்துத் தண்ணீரைக் கெடுப்பது பாஸ்பரஸ் சத்து. கோடையில் குளத்தில் சேரும் பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதி, குளிப்பவர்களின் சிறுநீரிலிருந்து வந்திருக்கலாம் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டது. அதனால் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். இது உண்மையாகவே குளத்தைக் காக்கும் காரியம்.

நாயை அழைத்து வரக் கூடாது, உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. அடுப்பு மூட்டவும் மது அருந்தவும் அனுமதி இல்லை. ஏறி மிதக்கும் காற்றடைத்த மிதவைகளும் கூடாது. கரையை விட்டு நெடுந்தூரம் நீந்துபவர் பளிச்சென்ற நிறத்தில் அடையாள மிதவை ஒன்றை மட்டும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

மீன் பிடிக்க 15 வயதிலிருந்து உரிமம் தேவை. 15 முதல் 17 வயது வரை இலவசம்தான், ஆனாலும் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். டிரவுட் மீன்களை அரசே இங்கு விடுகிறது.

இலையுதிர் காலம்தான் நடக்க ஏற்றது. குளத்தைச் சுற்றிவரும் பாதை மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வருகிறார்கள். உறைந்த குளத்தின் மேல் கால் வைப்பது மட்டும் அவரவர் பொறுப்பு. ஆழமான நீர் மெதுவாகத்தான் உறையும். பனிக்கட்டியின் கனம் தெரியாதவர் கரையிலேயே நின்றுகொள்ள வேண்டும்.