இறங்காத விதையும் கொட்டும் முடியும்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பொமரேனியனுக்கு 9 வயது. ஆண். குட்டியிலிருந்தே ஒரு விதைதான் தெரியும். இப்போது இரண்டு விலாவிலும் முடி கொட்டுகிறது, முலைக்காம்புகள் பெரிதாகின்றன. வாக்கிங் போனால் ஆண் நாய்கள் இவன் பின்னாலேயே வருகின்றன. ஏன்?"

மூன்றுக்கும் காரணம், கண்ணில் படாத அந்த இன்னொரு விதையாக இருக்கலாம்.

கருவில் சிறுநீரகத்தின் பக்கத்தில் உருவாகும் விதைகள், குட்டிக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் பெரும்பாலும் விதைப்பைக்குள் இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்காதது இனி இறங்காது. வயிற்றின் சூட்டில் விந்தணுவை உண்டாக்கும் செல்கள் அழிந்துபோகும். ஆனால் 1865இல் இத்தாலியர் என்ரிகோ செர்டோலி விவரித்த செல்கள் தாக்குப்பிடிக்கும். வளரும் விந்தணுக்களுக்கு ஊட்டம் தருவதுதான் அவற்றின் வேலை. இறங்காத விதையில் கட்டி வரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு அதிகம்; அதில் பல, இந்தச் செல்களிலிருந்து கிளம்புபவை.

எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதி செர்டோலி செல்லில் இயல்பாகவே உண்டு. செல்கள் கட்டியாகப் பெருகும்போது, அந்த ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன், ரத்தத்தில் கொட்ட ஆரம்பிக்கிறது. முலைக்காம்புகள் பெரிதாவதும் ஆண் நாய்கள் பின்னால் வருவதும் இதனால்தான். முடியின் வேர்கள் வளராமல் ஓய்வுக்குப் போகின்றன. ரத்தம் இரு பக்கமும் ஒன்றுபோல் ஓடுவதால் முடியும் இரு பக்கமும் ஒன்றுபோலவே கொட்டும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. உண்ணியோ சொறியோ இப்படிச் சமச்சீராக வராது. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கட்டி, தன்னைத் தோலில் எழுதிக் காட்டிவிடுகிறது!

அதே ஈஸ்ட்ரோஜன், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையும் முடக்கும். ரத்தசோகை வரும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். உயிருக்கு ஆபத்து இதில்தான்.

இந்தக் குறை பரம்பரையாக வருவது. இருந்தும் "ஒரு விதை போதும்" என்று இனச்சேர்க்கைக்கு விடுகிறார்கள். தவறு. விதையை எடுக்கும் ஆபரேஷன் செய்தால் நாய் காவல் காக்காது என்பதும் வெறும் நம்பிக்கை. தன் வீட்டைக் காக்கும் குணம் விதையில் இல்லை.

சரி, பெரம்பூர் வாசகர் என்ன செய்யலாம்? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. மஜ்ஜை கெடுமுன் இரண்டு விதைகளையும் எடுத்துவிட்டால், சில மாதங்களில் முடி திரும்ப வளரும்.